மனை விற்றோரும் அண்டை நின்றோரும்: காவிரிக்கரை வீட்டு விற்பனை ஆவணங்களின் எல்லைமொழி

பெங்களூரில் வாழும் தமிழாசிரியர் ஒருவருக்கு நாள்தோறும் கண்ணில் படும் சொற்களுள் ஒன்று 'மனை'. கன்னடப் பலகையில் 'மனெ மாராட்டக்கிதெ' என்றிருந்தால், சுவரும் கூரையும் உள்ள, மனிதர் குடியிருந்த வீடு விற்பனைக்கு உள்ளது என்று பொருள். ஓசூரைக் கடந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தபின் 'மனை விற்பனைக்கு' என்றிருந்தால், கல் நட்டு அளந்து போட்ட வெற்றிடம் விற்பனைக்கு உள்ளது என்று பொருள். சொல் ஒன்றே, ஒரு மொழியில் அது குடியிருப்பையும், மற்றொன்றில் அது குடியிருப்பு எழும்பவிருக்கும் தரையையும் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை வேடிக்கையாகக் கண்டு கடந்து சென்றதுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெங்களூர் மைசூர் விரைவுச்சாலை முறையாகத் திறக்கப்பட்டபின், சீரங்கப்பட்டணம், திருமகூடலு நரசிப்புரம், தலைக்காடு முதலிய காவிரிக்கரை ஊர்களை ஒட்டிய தோட்ட வீடுகளுக்கான விளம்பரங்கள் நாளிதழ்களின் சொத்துப் பக்கங்களில் மிகுதியாகக் கண்ணில் படலாயின. நண்பர் ஒருவரின் பொருட்டு அத்தகைய வீடொன்றைக் காணவும், அதன் கிரயப் பத்திர வரைவைப் படித்துப் பொருள் கூறவும் நேர்ந்தபோதுதான், அவ்வேறுபாடு ஆய்வுக்குரியது என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

விளம்பரத்தின் வாசகம் எளியது: ஆற்றங்கரை நகருக்கு அருகில் விசாலமான நாட்டுப்புற வீடு. நேரில் கண்டபோது அது கன்னடர் 'தொட்டி மனெ' என்றும் கொங்கு நாட்டார் 'தொட்டிக்கட்டு வீடு' என்றும் வழங்கும் அமைப்புடையதாக இருந்தது. முன்னே திண்ணை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, பின்னே கிணறு, கிணற்றுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் கால்வாய். உரிமையாளர்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே நகரம் பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். வரைவுப் பத்திரம் கன்னடத்தில் இருந்தது. அதன் எல்லைப் பகுதியைப் படித்தபோது கல்வெட்டு ஆவணங்களின் எல்லைப் பகுதி நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடும் அப்போதே புலனாயிற்று. தமிழ் விற்பனை ஆவணங்கள் வீட்டையும் நிலத்தையும் எவ்வாறு சொல்லால் வரையறுத்தன, அவ்வரையறையில் அண்டை அயலார் பெற்ற இடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இல், மனை, வீடு

சங்க நூல்களில் குடியிருப்பைக் குறிக்கும் பெருவழக்கான சொற்கள் இல், மனை என்பன. இரண்டும் கட்டடத்தை மட்டும் குறிப்பன அல்ல. அதனுள் வாழ்வோரையும், குறிப்பாக இல்லத்தின் தலைவியையும் தழுவி நிற்பன. மனைவி, மனையோள், இல்லாள் என்னும் வடிவங்கள் இதற்குச் சான்று. 'வீடு' என்னும் சொல்லோ விடுதல் என்னும் வினையடியாகப் பிறந்து, விடுதலையையும் பின்னர் வீடுபேற்றையும் குறித்து, அதன் பின்னரே தங்குமிடத்தின் பெயராயிற்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பொருள் ஊன்றிவிட்டது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு உறுதியான சான்றாகும். கோயிற்பணிக்குக் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் ஆளுக்கு ஒரு வீடு வழங்கிய இராசராசன், அவ்வீடுகளைத் தெருவின் திசை, சிறகு, வரிசை எண் ஆகியவற்றால் குறித்துள்ளான். தென்சிறகின் தலைவீடு, அதற்கடுத்து இரண்டாம் வீடு என அப்பட்டியல் செல்கிறது. இன்றைய மாநகராட்சிகள் கதவிலக்கம் இடும் முறைக்கு இதனினும் பொருத்தமான முன்னோடி வேறு உண்டோ என்பது ஐயமே.

ஆயினும் விற்பனை ஆவணங்கள் பெரிதும் ஆண்ட சொல் மனைதான். அதனோடு இணைந்து வருவது 'மனைப்படப்பை'. படப்பை என்பது வீட்டை ஒட்டிய தோட்டம். சங்கப் பாடல்களிலேயே பயின்று வரும் சொல். அவரையும் சுரையும் படர்ந்த கொல்லை, மாட்டுத்தொழு, வைக்கோற்போர் ஆகியவை இருக்கும் பின்புறம் அது. ஆவணத்தை எழுதியவன் மனையைச் சொல்லும்போதே படப்பையையும் உடன் சொன்னான். இதனால், மனை என்பது அவனுக்குச் சுவருக்குள் அடங்கிய பொருளன்று என்பது விளங்கும். இன்றைய தமிழ் விளம்பரத்தில் மனை வெற்றுத் தரையாகச் சுருங்கியதும், படப்பை பேச்சு வழக்கிலிருந்தே மறைந்ததும் ஒரே போக்கின் இரு விளைவுகள் எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். சோழர் கால ஊர்களில் குடியிருப்பு 'ஊர்நத்தம்' என்னும் தனிப்பகுதியில் அமைந்தது. விளைநிலம் அதற்குப் புறத்தே கிடந்தது. தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் பரப்பைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலமாகக் கழித்துவிட்டு, எஞ்சியதற்கே வரி கட்டுகின்றன. வயலின் நடுவே தனித்து நிற்கும் பெருவீடு என்பது காவிரிப் படுகையின் பழைய குடியமைப்பில் பொதுவழக்கன்று. கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு நாட்டில் தோட்டத்துச் 'சாளை' உண்டு. அங்கு உழவன் நிலத்திலேயே குடியிருந்தான். கர்நாடகத்தில் இன்றும் 'கிராமடாணா' என வழங்கும் குடியிருப்புப் பகுதி நம் ஊர்நத்தத்துக்கு நிகரானது. இன்று விற்கப்படும் நாட்டுப்புற வீடுகளுள் பல நத்தத்துக்கு வெளியே நிற்பன. ஆகவே, இவை பழமையின் எச்சம் என்று விளம்பரம் கூறினும், குடியமைப்பு நோக்கில் புதியவையே.

எல்லை சொல்லும் முறை

சோழர் கால விற்பனை ஆவணங்களின் அமைப்பு கல்வெட்டு ஆய்வாளர் நன்கறிந்தது. விற்போர் தன்மையிடத்தில் பேசுவர். விற்கப்படுவது இன்னது என்பர். நான்கு எல்லைகளையும் கூறுவர். எல்லைக்குள் அடங்கிய பொருள்களை எண்ணுவர். தம்முள் இசைந்த விலையை ஆவணக்களியிலேயே முழுதும் பெற்றுக்கொண்டதாக ஒப்புவர். வேறு ஆவணம் காட்டி வழக்கிடோம் என உறுதி கூறுவர். பொருள்மாவறுதி, பொருட்செலவோலை, உண்ணிலமொழிவின்றி போன்ற கலைச்சொற்கள் இவ்வமைப்பின் எலும்புக்கூடு. எல்லைக்குள் அடங்கிய பொருள்களை எண்ணும் பகுதியே இதுவரை இலக்கிய மாணவரை மிகுதியும் கவர்ந்துள்ளது. மேல்நோக்கின மரம், கீழ்நோக்கின கிணறு, மன்று, கன்றுமேய் பாழ், புற்று, தெற்றி, ஓடை, உடைப்பு, உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் என்று செல்லும் அப்பட்டியலில் செய்யுளின் ஓசை உண்டு. ஆயின் அதற்கு முன்னே வரும் எல்லைப் பகுதியின் இலக்கண அமைப்பு போதிய கவனம் பெறவில்லை.

அவ்வமைப்பு வருமாறு. முதலில் கீழ்பாற்கெல்லை என்று திசை சுட்டப்படும். அதன்பின் இன்ன வாய்க்காலுக்கு 'மேற்கு' என்று முடியும். தென்பாற்கெல்லை இன்ன வதிக்கு வடக்கு. மேல்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்குக் கிழக்கு. வடபாற்கெல்லை இன்ன கண்ணாற்றுக்குத் தெற்கு. ஒவ்வொரு தொடரிலும் இரண்டு பார்வைகள் உள்ளன. முதற்பாதி, விற்கப்படும் நிலத்தில் நின்றுகொண்டு வெளியே பார்க்கிறது: என் கிழக்கே என்ன உள்ளது? பிற்பாதி, அண்டையில் நின்றுகொண்டு நிலத்தைத் திரும்பிப் பார்க்கிறது: வாய்க்காலுக்கு இது எத்திசை? நான்காம் வேற்றுமை உருபான 'கு' இங்கு ஆற்றும் பணி பெரிது. வாய்க்காலே நிலைத்த புள்ளி. நிலம் அதனைச் சார்ந்து இடம் பெறுகிறது.

இன்றைய மரபுவழித் தமிழ்ப் பத்திரங்கள் இத்தொடரின் பிற்பாதியை மட்டும் காத்துவந்துள்ளன. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்ன தெருவுக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள வீடும் மனையும் என்பதே அவற்றின் நடை. நான் பெங்களூரில் கண்ட கன்னடப் பத்திரங்களும் ஆங்கிலப் பத்திரங்களும் முற்பாதியை மட்டும் கொண்டுள்ளன. கிழக்கே: இன்னார் நிலம், வடக்கே: அரசுக் கால்வாய். இவற்றில் விற்கப்படும் சொத்தே நடுப்புள்ளி. அண்டை என்பது அது முடியுமிடம். இது மொழியினத்தின் மனப்பாங்கு என்று கூறிவிட இயலாது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் கணினிப் படிவங்களைப் பின்பற்றும் பத்திரங்கள் முற்பாதி நடைக்கு மாறி வருவதைக் காணலாம். வேறுபாட்டை எழுத்தர் மரபின் வேறுபாடாகக் கொள்வதே தகும். எனினும் அதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. வாய்க்காலுக்கு மேற்கு என்று எழுதினால், அவ்வாய்க்கால் இருக்கும்வரைதான் அத்தொடர் பொருள் தரும். வாய்க்காலைத் தூர்த்தவன் தன் ஆவணத்தின் ஒரு காலை வெட்டியவன் ஆவான்.

எல்லையைச் சொல்லில் நிறுத்துவதோடு தரையிலும் நிறுத்தினர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006இல், பள்ளிச்சந்தமாக அளித்ததைப் பேசும் பெரிய இலெய்டன் செப்பேட்டில், பிடியானையை நடத்தி எல்லை சுற்றியதும், கல்லும் கள்ளியும் நாட்டியதும் கூறப்படுகின்றன. யானை நடந்ததை ஊரார் அனைவரும் கண்டிருப்பர். அண்டை ஊரார் உடன் நடந்து ஒப்பினர். எல்லை என்பது இரு தரப்பார் கண்முன் நிகழ்ந்த ஒரு செயல். ஒருவர் தனியே வரைந்துகொண்ட கோடன்று.

விற்றோர் யாவர்

ஒரு மனையையோ நிலத்தையோ விற்க உரிமை பெற்றவர் யார் என்னும் வினா, நொபோரு கராசிமா 1966இல் வெளியிட்ட ஆய்வால் புதிய வெளிச்சம் பெற்றது. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் காவிரியின் தென்கரைப் பகுதியில் அமைந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் அடுத்தடுத்த இரு ஊர்களின் கல்வெட்டுகளை அவர் ஒப்பிட்டார். வேளாளர் ஊரான அல்லூரில் ஊரார் கூடிப் பொதுவில் நிலம் விற்றனர். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியாள்கள் தத்தம் நிலத்தை விற்றனர். ஒரே ஆற்றின் நீர் பாயும் இரண்டு ஊர்களில் 'விற்றுக்கொடுத்தோம்' என்னும் ஒரே வினைமுற்று இரு வேறு சமூக அமைப்புகளைச் சுட்டியது என்பது சிந்திக்கத்தக்கது. பிற்காலச் சோழர் காலத்தில் தனியாள் உடைமை பெருகியதையும் கராசிமா தொடர்ந்து காட்டியுள்ளார். பிராமணப் பெண்கள் விற்போராக வரும் ஆவணங்களில் 'முதுகண்' என்னும் ஆண்துணை குறிக்கப்படுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அப்பெண்ணுக்கு உடைமை இருந்தது. தன் குரலில் விற்கும் உரிமை முழுமையாக இல்லை.

தம் விருப்பின்றியே விற்கப்பட்ட வீடுகளும் உண்டு. தமிழக வரலாற்றில் மிகுதியும் பேசப்பட்ட வீட்டு விற்பனை காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டில் உள்ளது. நீலகண்ட சாத்திரியார் எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் இதனைப் பதிப்பித்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளையும், அவர்தம் உறவினரின் உடைமைகளையும் பறித்து விற்குமாறு இராசராசன் தன் 2ஆம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஆணையிட்டான். கொலையாளர் யாவர், ஏவியவர் யாவர் என்னும் விவாதத்தில் ஆய்வாளர் பலர் மூழ்கியதால், அக்கல்வெட்டு ஓர் அறக்கொடை ஆவணம் என்பதும், விலைக்கு வாங்கிய நிலத்தோடு ஆறு 'அகமனை'களும் அதில் குறிக்கப்படுகின்றன என்பதும் பின்னுக்குப் போயின. அகமனை என்பது குடியிருப்புக்குள் அமைந்த வீட்டுமனை. துரோகிகளின் தம்பியர், மக்கள், பெற்ற தாயர், தாய்மாமன்மார் எனச் செல்லும் உறவுப் பட்டியலைப் படிக்கும்போது, வீராணம் ஏரிக்கரையின் ஓர் ஊரில் எத்தனை வாயில்கள் அடைபட்டன என்று எண்ணாதிருக்க முடிவதில்லை. வாங்கியவர் அறம் செய்தார். அவ்வறத்தைப் பதித்ததால்தான் வீடிழந்தோரின் உறவுமுறைகள் நமக்குத் தெரிய வந்தன.

ஆவணத்தின் மெய்ம்மை பற்றிய தமிழ்க் கதைகளுள் முதன்மையானது பெரியபுராணத்தில் உள்ளது. தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்தெறிகிறார். அது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் உள்ளது என்கிறார் முதியவர். சபையார் எழுத்தை ஒப்பு நோக்கித் தீர்ப்பளிக்கின்றனர். தீர்ப்புக்குப் பின்னர் எழும் வினாவே இங்கு நமக்கு வேண்டுவது: உம் வீடு எங்கே என்று முதியவரைக் கேட்கின்றனர். அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைகிறார். ஆவணம் செல்லும் என்று கண்ட சபைகூட, அதனைக் காட்டியவரின் இருப்பிடம் தெரிந்தாக வேண்டும் என்று கருதியது. வெண்ணெய்நல்லூர் தென்பெண்ணைக்கரை ஊர். அந்த ஆறு பெங்களூருக்கு வடக்கே நந்திமலைப் பகுதியில் தோன்றுவது.

கன்னட நாட்டுத் தமிழ் ஆவணங்கள்

பெங்களூர், கோலார் மாவட்டங்களின் தமிழ்க் கல்வெட்டுகளை லூயி ரைசு தம் எபிகிராபியா கர்நாடிகாவின் 9, 10ஆம் தொகுதிகளில் 1905இல் வெளியிட்டார். தமிழ்நாட்டு ஆய்வாளர் பலர் இத்தொகுதிகளைப் போதிய அளவு எடுத்தாள்வதில்லை என்பது வருந்தத்தக்கது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கநாட்டை வென்றபின், காவிரிக்கரைத் தலைக்காடு இராசராசபுரம் எனவும், கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம் எனவும், கோலார்ப் பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனவும் பெயர் பெற்றன. 1116ஐ ஒட்டிப் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றினான். அரசு மாறியும் தமிழ் ஆவண மரபு மாறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசளர் ஆட்சியின் கீழ் எழுதப்பட்ட இப்பகுதித் தமிழ்க் கல்வெட்டுகள் நன்செய், புன்செய், நாற்பாலெல்லை, மேல்நோக்கின மரம், கீழ்நோக்கின கிணறு என்னும் அதே வாய்பாட்டை ஆள்கின்றன.

இன்று பெங்களூரின் நெரிசல் மிக்க பகுதியாகிய தொம்மலூரில் உள்ள சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகளில் அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணமான தொம்பலூர் என வழங்குகிறது. இராசேந்திரசோழ வளநாட்டு இலைப்பாக்க நாட்டில் அது அடங்கியிருந்தது. இலைப்பாக்கம் என்பது எலகங்காவின் தமிழ் வடிவம். மடிவாளம் சோமேசுவரர் கோயில் கல்வெட்டுகளுள் 1247ஐச் சார்ந்த ஒன்று வேப்பூரார் ஒருவரின் நிலக்கொடையைப் பேசுகிறது. வேப்பூர் இன்றைய பேகூர். அக்கோயிற் கல்வெட்டுகளில் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலமும், தாமரையைப் பெயரிற் கொண்ட ஒரு நீர்நிலையும் சுட்டப்படுகின்றன. ஏரிக்குக் கீழ் என்பது இங்கு வெறும் திசையன்று. அவ்வேரி நீர் பாயும் நிலம் என்பதே பொருள். பெங்களூரில் ஏரியைச் சுட்டி எல்லை சொன்ன ஆவணங்கள் கல்லில் இருக்கின்றன; ஏரிகள் பல பேருந்து நிலையங்களாகவும் விளையாட்டரங்குகளாகவும் மாறிவிட்டன. தர்மாம்புதி ஏரியின் இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்கிறது.

விசயநகர காலம் முதல் பரவலாகிய அட்டபோக வாய்பாடு (நிதி, நிட்சேபம், சலம், பாடாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்) தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிப் பத்திரங்களிலும் இன்றளவும் ஒட்டிக்கொண்டுள்ளது. நண்பரின் வரைவிலும் அது இருந்தது. அதன் பொருள் தட்டச்சு செய்தவருக்கும் தெரியவில்லை, வழக்குரைஞருக்கும் தெரியவில்லை. நீக்கிவிடலாமா என்று கேட்டதற்கு மட்டும் இருவரும் கூடாது என்றனர். வாய்பாட்டின் வாழ்நாள் பெரும்பாலும் இத்தகையதே.

சாந்து பூசும் உரிமை

பழைய ஆவணங்களின் எல்லைமொழி அண்டையை மதித்தது என்று கூறி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகவே முடியும். விசாலமான வீடு யார் கட்டலாம் என்பதையும் அதே ஆவண உலகமே முடிவு செய்தது. சோழர் செப்பேடுகள் கொடை பெற்றோருக்கு வழங்கும் உரிமைகளுள், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல், கிணறும் துரவும் தோண்டுதல், தென்னை இடுதல், தமனகமும் மருவும் நடுதல், பெருஞ்செக்கு இடுதல் ஆகியவை உள்ளன. உரிமை என்று தனியே வழங்கப்பட்டதனாலேயே, ஏனையோர்க்கு அவை இயல்பாக இல்லை என்பது பெறப்படும். நாம் இன்று ஒரு நாட்டுப்புற வீட்டின் சிறப்புகளாக எண்ணும் காரைச்சுவர், கிணறு, தென்னை, மணமுள்ள செடி ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் அடங்கும்.

அமராவதிக் கரையிலுள்ள கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டு இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இடம்பெற்ற அவ்வாணையில், கோனேரின்மைகொண்டான் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறான். நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோயிலுக்கும் அரண்மனைக்கும் சாந்து குழைத்த மரபினர், தம் சுவருக்கு அதனைப் பூசிக்கொள்ள அரசாணை வேண்டியிருந்தது. இக்கல்வெட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவரிடையே சற்று நேரம் பேச்சற்றுப் போவதைக் கண்டுள்ளேன். கம்மாணசேரி, பறைச்சேரி ஆகியவை ஊர்ப் பரப்பிலிருந்து கழிக்கப்படும் நிலமாகப் பட்டியலில் வருகின்றன. விற்றோர், வாங்கினோர், எல்லைக்கு உரியோர் என்னும் மூவகையாரினும் சேரியில் வாழ்ந்தோர் எந்நிலையில் இருந்தனர் என்று ஆவணங்களைக் கொண்டு எழுதுதல் அரிது; அவர்கள் பெரும்பாலும் பேசுவோராக அல்லாமல், இடப்பெயராகவே தோன்றுகின்றனர்.

கர்நாடகத்தில் இவ்வரலாற்றுச் சுமையைச் சட்டத்தால் இறக்க முயன்றதுண்டு. 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 1974இல் செய்யப்பட்ட பெருந்திருத்தம் குத்தகை உழவரை உரிமையாளர் ஆக்கியதோடு, உழவர் அல்லாதார் விளைநிலம் வாங்குவதை 79அ, 79ஆ என்னும் பிரிவுகளால் தடுத்தது. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு வழங்கிய நிலம் கைமாறுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. 79அ, 79ஆ பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டன. நகரத்தார் ஒருவர் காவிரிக்கரையில் தோட்டத்தோடு கூடிய வீடு வாங்குவது அதன்பின் எளிதாயிற்று. நண்பரும் அவ்வாய்ப்பைப் பெற்றவருள் ஒருவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்குப் பொருள் கூறச் சென்ற நானும் அத்துணைத் தொலைவில் நின்றவன் அல்லேன்.

வரைவில் விடுபட்ட வழி

மீண்டும் அவ்வீட்டுக்கு வருவோம். அதன் தென்னந்தோப்பை ஒட்டி ஓடுவது, சிக்கதேவராச உடையார் (1673-1704) பெயரால் வழங்கும் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு கிளை. தோப்புக்கு மறுபுறம் கூலித்தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உள்ளது. அக்குடியிருப்பினர் துணி துவைக்கவும் மாடு கழுவவும் கால்வாய்க்குச் செல்லும் ஒற்றையடித் தடம் தோப்பின் மேற்கு ஓரமாகச் செல்கிறது. வரைவில் அத்தடம் இல்லை. வடக்கே அரசுக் கால்வாய், மேற்கே இன்னார் நிலம் என்றிருந்தது. சொத்து எல்லா 'ருணபாரங்களிலிருந்தும்' நீங்கியது என்றும் இருந்தது. ருணபாரம் என்பது கடன்சுமை. தமிழில் நாம் வில்லங்கம் என்போம்.

தடத்தைப் பற்றிக் கேட்டபோது, விற்போர் தரப்பில் மூத்தவரான ஒரு பெரியவர் தம் பாட்டனார் காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் மேற்கெல்லையில் 'ஓணி' என்னும் சொல் தெளிவாக இருந்தது. ஓணி கன்னடத்தில் சந்து, சிறுவழி. நில அளவைப் படத்தைப் பார்த்துப் புதிய வரைவு தயாரிக்கப்பட்டபோது, படத்தில் கோடாக இல்லாத ஓணி சொல்லிலும் இல்லாது போயிற்று. எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. கர்நாடகத்தில் பத்திரப் பதிவுக்கான கணினி அமைப்பின் பெயர் 'காவேரி'. அதன் இரண்டாம் பதிப்பு 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கட்டங்களில் நான்கு திசைக்கு நான்கு இடம் உண்டு. அங்கே எழுதப்படாதது பதிவாவதில்லை.

நண்பரின் வழக்குரைஞர் முதலில் தயங்கினார். வழியைக் குறித்தால் சொத்தின் மதிப்புக் குறையும், பின்னர் வேலி போட இயலாது என்றார். அவர் கூறியது தொழில்முறையில் தவறன்று. நண்பரின் மனைவியார்தான், "நாம போனப்புறம் அவங்க துணி துவைக்க எங்க போவாங்க?" என்று கேட்டார். அதற்குமேல் பேச்சு நீளவில்லை. ஓணியைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

பத்திர எழுத்தர் அதன்பின் ஓர் ஐயம் எழுப்பினார். இவ்வரியை ருணபாரப் பகுதியில் வில்லங்கமாக எழுதுவதா, எல்லைப் பகுதியில் எழுதுவதா என்பது அது. பழைய பத்திரத்தை வாங்கி இருமுறை படித்தவர், எல்லைப் பகுதியிலேயே மேற்குக்கு நேராக ஓணி என்று எழுதி, அதற்கு அப்பால் இன்னார் நிலம் என்று சேர்த்தார்.